மரத்துப்போன காலுக்கு ஒரு வரி

மரக்காணத்தில் உப்பு வாருகிற யாரும் கால் மரத்துப்போச்சு என்று அதற்காக மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் நான் பார்த்ததில்லை. சுகர் மாத்திரை வாங்கப் போவார்கள். பேரனுக்குக் காய்ச்சல் என்று போவார்கள். இடுப்பு வலி தாங்காமல் போவார்கள். டாக்டர் சீட்டு எழுதி முடித்து, அடுத்த ஆள் ஸ்டூலில் பாதி உட்கார்ந்த பிறகு, எழுந்துகொண்டே "அப்புறம் டாக்டரம்மா, காலு கூட மதமதன்னு இருக்கு" என்று ஒரு வார்த்தை வரும். டாக்டருக்குப் பொறுமை இருந்தால் அதையும் சீட்டின் ஓரத்தில் சேர்ப்பார்: சி/ஓ நம்ப்னஸ். கூடவே பிசிடி 1-0-1. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கால் விஷயம் அதோடு முடிந்தது.

இப்படிப்பட்ட வரிகளைப் படித்துத்தான் எனக்குச் சம்பளம். சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை. "கம்ப்யூட்டர்ல டாக்டர் வேலையாடா?" என்று ஊரில் கேட்பார்கள். இல்லை. அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போனால், டாக்டர் எழுதிய குறிப்பு எங்கள் திரைக்கு வரும். சார்ட் என்போம். அதை வரிவரியாகப் படித்து, எந்த நோய்க்கு எந்தக் குறியீடு என்று நாங்கள் போட்ட பிறகுதான் அங்கே காப்பீட்டுப் பணம் நகரும். பி.எஸ்சி. நர்சிங், பயோடெக், பிசியோதெரபி படித்துவிட்டு வேலை தேடிய விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரை இந்தத் தொழில் சென்னைக்கு இழுத்திருக்கிறது. முதல் நாள் வகுப்பில் சொல்லித்தருவது ஒன்றுதான்: டாக்டர் எழுதாததை நீ ஊகிக்காதே. உனக்கு நூறு சதவீதம் தெரிந்தாலும் ஊகிக்காதே.

ஊருக்கு வந்தால் இந்தப் பழக்கம் விடுவதில்லை. யார் வீட்டில் ஓ.பி. சீட்டு கண்ணில் பட்டாலும் மனசுக்குள் கோடு போட ஆரம்பித்துவிடுவேன். கெட்ட பழக்கம்தான். ஆனால் அதனால்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. மரத்துப்போவதைப் போல இவ்வளவு அரைகுறையாக எழுதப்படுகிற உடல் தொந்தரவு வேறு இல்லை. அமெரிக்காவிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். அங்கே அதனால் பணம் நிற்கும். இங்கே ஒன்றும் நிற்காது, அதனால் யாருக்கும் உறுத்துவதில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். 2015 அக்டோபர் 1-க்கு முன்னால் அமெரிக்காவில் ஐசிடி-9 என்ற பழைய பட்டியல் இருந்தது. அதில் 782.0 என்று ஒரே எண். தோலின் உணர்ச்சியில் கோளாறு என்று பொருள். மரத்துப்போனாலும் 782.0, ஊசி குத்துகிற மாதிரி இருந்தாலும் 782.0, எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தாலும் அதேதான். ஐசிடி-10 வந்தபோது அதைப் பிரித்தார்கள். உணர்ச்சியே இல்லையென்றால் ஆர்20.0. உணர்ச்சி குறைந்திருந்தால் ஆர்20.1. சுருசுருவென்று இருந்தால், ஊசி குத்தினால், எறும்பு ஊர்ந்தால் ஆர்20.2. தொட்டாலே தாங்கவில்லை என்றால் ஆர்20.3. எதுவும் தெளிவாக எழுதவில்லை என்றால் ஆர்20.9. டாக்டர் வெறுமனே ‘நம்ப்னஸ்’ என்று எழுதியிருந்தால் பட்டியலின் அகரவரிசை நம்மை ஆர்20.0-க்கு அனுப்பும்.

ஏறக்குறைய 14,000 எண்கள் இருந்த பட்டியல் ஏறக்குறைய 70,000 ஆனது. வலது முழங்கையா இடது முழங்கையா, முதல் தடவை வந்தாரா மறுபடி வந்தாரா என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஆனால் இந்த ஆர்20 குடும்பத்தில் வலது, இடது கிடையாது. கையா காலா என்பதும் கிடையாது. உள்ளங்காலில் சுருசுருப்பு என்று வருகிற சர்க்கரை நோயாளிக்கும், காலையில் எழுந்ததும் ஒரு பக்கக் கை சுருசுருக்கிறது என்று ஓடிவருகிறவருக்கும் ஒரே ஆர்20.2. இரண்டாவது ஆளுக்கு அது பக்கவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம். ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. குறியீட்டில் அதற்கு இடம் இல்லை. குறிப்பில் எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மரத்துப்போவது என்பது நோய் இல்லையே, நோயின் வாசல்தானே. அந்த வாசலுக்குள் யார் யார் வருகிறார்கள் என்று எங்கள் உப்பளத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பலகை போட்டு உப்பு இழுக்கிறவர் ஒருவர். நீண்ட மூங்கில் பிடி, நுனியில் பலகை. விடிவதற்கு முன்னால் ஆரம்பித்து வெயில் ஏறும் வரை மணிக்கட்டை வளைத்து வளைத்து இழுப்பது. அவருக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. கையை உதறினால் சரியாகிறது. சுண்டுவிரலில் ஒன்றும் இல்லை. மணிக்கட்டு நரம்பு நெரிபடுவதன் லட்சணம் இது. ஜி56.0. இந்தக் குறியீட்டில் வலது, இடது, இரண்டும் என்று தனித்தனி எண் உண்டு. ஆனால் எந்தெந்த விரல் என்று கேட்டு எழுதியிருந்தால்தான் டாக்டரே அந்தப் பக்கம் யோசிப்பார். தலையில் கூடை கூடையாக உப்பு சுமந்த பெண் இன்னொருவர். இடுப்பில் பிடித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, ஒரு காலின் பெருவிரல் வரை மரக்கிறது. அது முதுகுத்தண்டிலிருந்து வெளிவருகிற நரம்பின் சமாச்சாரம், எம்54.1-இல் தேட வேண்டும். மூன்றாவது ஆளுக்குச் சாராயம். ஜி62.1 என்று அதற்கும் எண் உண்டு, ஆனால் குடிப்பதை மனைவி எதிரில் டாக்டரிடம் யார் சொல்வார்கள்? 2023 மே மாதம் எங்கள் பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயச் சாவுகள் நடந்த பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் ஊர் ஆண்கள் இன்னும் அதிகமாகத் தயங்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சர்க்கரை நோயாளிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டம் அங்கேதான். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். எங்களுக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஒரு மணி நேரம் போனால் வருகிற புதுச்சேரியில் 26.3 சதவீதம். நூறு பேரில் இருபத்தாறு பேர்! எல்லையைப் பார்த்தா சர்க்கரை நிற்கப்போகிறது? சர்க்கரையால் வருகிற நரம்புக் கோளாறு இரண்டு காலிலும் விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் போட்டது போல மேலே ஏறும். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கு, செருப்பு கழன்றது தெரியவில்லை என்பார்கள். இந்த இரண்டும் காதில் விழுந்தால் எந்த டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார். ஆனால் அவர் எழுதுவது ‘நம்ப்னஸ்’ என்றுதான்.

என் பெரியம்மாவின் சீட்டும் அப்படித்தான் இருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை. "கே/சி/ஓ டிஎம். சி/ஓ நம்ப்னஸ் போத் எல்.எல்." ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர், இரண்டு கால்களிலும் மரத்துப்போவதாகச் சொல்கிறார். எங்கள் தொழில் விதிப்படி இதற்கு என்ன கோடு? சிக்கல் எதுவும் குறிப்பிடாத சர்க்கரை நோய், ஈ11.9. மரத்துப்போதல், ஆர்20.0. இரண்டும் தனித்தனி. ஒன்றால்தான் மற்றொன்று என்று நான் சேர்க்கக் கூடாது. அதே சீட்டில் டாக்டர் ‘நியூரோபதி’ என்று எழுதியிருந்தால் கதை மாறியிருக்கும். சர்க்கரையும் நரம்புக் கோளாறும் ஒரே குறிப்பில் இருந்தால், வேறு காரணம் சொல்லப்படாதவரை, இரண்டையும் சேர்த்தே படிக்கலாம் என்பது விதி. அப்போது ஈ11.40. ‘பாலிநியூரோபதி’ என்று எழுதியிருந்தால் ஈ11.42. வேடிக்கை என்னவென்றால் ‘நியூரோபதி’க்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் மறுபடியும் ஆர்20.0-க்கே திரும்ப வேண்டும். வெளிநோயாளி குறிப்பில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’, ‘பார்க்க வேண்டும்’ என்றெல்லாம் எழுதியிருந்தால் அதை நோயாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிகுறியைத்தான் போட வேண்டும். இந்த விதியை நான் மதிக்கிறேன். சந்தேகத்தை நோயாக்கி ஒருவர் தலையில் கட்டிவிட்டால் அது அவர் ஆயுசுக்கும் கோப்பில் கூடவே வரும். ஆனால் நம் ஊர் ஓ.பி. சீட்டில் அந்தக் கேள்விக்குறி ஏழெட்டு வருஷம் அப்படியே நிற்கிறது. நீக்குவதற்கு யாரும் இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மாவிடம் நானே கேட்டேன்.

"எப்பலேந்து பெரிம்மா?"

"போன வருசம் பாத்தி மிதிக்கச்சொல்லவே இருந்துச்சு. எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு வுட்டுட்டேன்."

"எந்த விரல்ல மொதல்ல?"

"ரெண்டு பெருவிரலும். இப்ப பாதம் பூரா. அன்னிக்கு ஒத்தச் செருப்போட வரப்புல பாதி தூரம் வந்துட்டேன்டா. பின்னாடி வந்தவதான் எடுத்துக் குடுத்தா."

"சுகர் மாத்திரை எவ்ளோ நாளா?"

"உங்க பெரியப்பா இருந்தப்பவே."

ஆக, பத்து வருஷத்துக்கு மேல் மெட்பார்மின். இந்த மாத்திரையை நீண்ட காலம் சாப்பிட்டால் சிலருக்கு உடம்பில் பி12 குறையும். பி12 குறைந்தாலும் கால் மரக்கும். அதாவது சர்க்கரையாலும் மரக்கலாம், சர்க்கரைக்குச் சாப்பிடுகிற மாத்திரையாலும் மரக்கலாம். முதலாவதில் நரம்பு எளிதில் திரும்பாது. இரண்டாவதை ஊசி போட்டு, சீக்கிரம் பிடித்தால், பெருமளவு சரிசெய்துவிடலாம். பிரிட்டனில் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2022-இலேயே இதைப் பற்றி டாக்டர்களுக்கு நினைவூட்டல் அனுப்பியது. ‘நம்ப்னஸ்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது?

பிறகு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டர். செருப்பைக் கழற்றச் சொன்னார். இந்தச் சீக்கு வந்த நாளிலிருந்து செருப்பைக் கழற்றச் சொன்ன முதல் டாக்டர் அவர்தான் என்று பெரியம்மா வெளியே வந்து சொன்னாள். உப்புத் தண்ணீரிலேயே நின்ற பாதம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளங்கால் தோல் தடித்து, மஞ்சளேறி, குதிகாலைச் சுற்றி வெடிப்பு வெடிப்பாக, வெடிப்பின் ஓரம் வெள்ளையாக. டாக்டர் பாக்கெட்டிலிருந்து நைலான் இழை ஒன்றை எடுத்தார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. பெரியம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பெருவிரல் அடியில், முன்பாதத்தில், ஒவ்வோர் இடமாக இழை வளையும் வரை அழுத்தினார். தடித்த தோலின் மேல் அழுத்தாமல் அதன் ஓரமாகத் தேடித் தேடி அழுத்தினார். காய்ப்பு மேல் வைத்தால் நல்ல நரம்பு உள்ளவருக்குக்கூட ஒன்றும் தெரியாது. உப்பளத்துக்காரர் எல்லோருக்கும் ‘உணர்ச்சி இல்லை’ என்று முடிவு வந்துவிடும்! அப்புறம் இசைக்கவையைத் தட்டிக் கணுக்காலில் வைத்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். பி12 குறைவாகத்தான் வந்தது.

அவர் எழுதிய குறிப்பை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டாம் வகை சர்க்கரை நோய், பாலிநியூரோபதியுடன். இரு பாதமும் கணுக்கால் வரை, ஒரு வருடமாக, படிப்படியாக. வலது பெருவிரல் அடியிலும் இடது முன்பாதத்திலும் இழை உணரவில்லை. புண் இல்லை. நாடித்துடிப்பு இருக்கிறது. பி12 குறைபாடு, மெட்பார்மின் காரணமாக. மொத்தம் ஆறேழு வரி. என் கை துறுதுறுத்தது: ஈ11.42, ஈ53.8, மருந்தின் பக்கவிளைவுக்கு டி38.3எக்ஸ்5ஏ, வாயால் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைக்கு இசட்79.84. ஆர்20 எங்கே என்றால், வேண்டாம். காரணம் தெரிந்துவிட்டால், அந்த நோயிலேயே அடங்கிய அறிகுறியைத் தனியாகப் போடக் கூடாது. பெரியம்மாவுக்கு பி12 ஊசி ஆரம்பித்தார்கள். எரிச்சல் குறைந்திருக்கிறது. பெருவிரல் இன்னும் அப்படியேதான்.

இப்படி எழுதுவது ஏதோ அமெரிக்கப் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மரத்துப்போன கை காலை எப்படிப் பதிவது என்பதில் நம் பக்கத்துக்காரர்கள் ஒரு காலத்தில் கில்லாடிகள். எல்லாம் தொழுநோய் கற்றுக்கொடுத்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் 1924-இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆஸ்பத்திரியை 1955-இல் மத்திய அரசு எடுத்து, பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அதே 1955-இல், எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே, மதுராந்தகம் பக்கம் பொலம்பாக்கத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த டாக்டர் ஹெமரிக்ஸ் ஒரு மையம் ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்கு வா என்று கூப்பிடாமல், ஊர் ஊராகப் போய் மரத்தடியில் கிளினிக் நடத்தினார். கூட வந்த டாக்டர் கிளேர் வெல்லூட் பிறகு இந்தியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தேய்ந்துபோகிறது என்று உலகத்துக்குக் காட்டினார். கொல்லிமலையில் பிறந்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது.

இந்தப் பரம்பரை விட்டுச்சென்ற ஒரு தாள் இருக்கிறது. இரண்டு உள்ளங்கை, இரண்டு உள்ளங்கால் படம் அச்சடித்த தாள். சுகாதார ஊழியர் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பால்பாயின்ட் பேனா முனையால் ஒவ்வோர் இடமாக மெல்லத் தொடுவார். தொட்ட இடத்தை நோயாளி விரலால் காட்ட வேண்டும். காட்டினால் டிக், காட்டாவிட்டால் பெருக்கல் குறி. தேதி போட்டு வைத்துவிட்டு, சில மாதம் கழித்து அதே படத்தில் மறுபடி. கூடவே ஊனத்தின் படிநிலை: உணர்ச்சி சரியாக இருந்தால் 0, உணர்ச்சி போயிருந்தால் 1, கண்ணுக்குத் தெரிகிற புண்ணோ வளைவோ வந்துவிட்டால் 2. அந்த 1-இல் பிடித்துவிட்டால் 2-க்குப் போகாமல் காப்பாற்றலாம் என்பதுதான் கணக்கு. இவ்வளவுக்கும் செலவு ஒரு பேனா, ஒரு தாள்.

இந்தியாவில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழிந்தது, அதாவது பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று 2005 கடைசியில் சொன்னார்கள். நோய் போய்விடவில்லை, கவனம்தான் போய்விட்டது. ஒரே ஒரு பக்கம், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மரத்தால், அல்லது ஒரு பாதத்தின் அடிப்பகுதி மட்டும் மரத்தால், அல்லது வெளிறிய தேமலில் கிள்ளினாலும் தெரியாமல் இருந்தால் ஏ30 வரிசையை இன்றைக்கும் நினைக்க வேண்டும். ‘சி/ஓ நம்ப்னஸ், பிசிடி’ என்று எழுதி அனுப்பிவிட்டால் நினைக்க வாய்ப்பே கிடையாது. அந்தப் படத்தாளை சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு அப்படியே தூக்கிக்கொண்டுபோயிருக்கலாம். என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை.

உப்பளத்துக்கே உரிய ஒன்று பாக்கி இருக்கிறது. ஜனவரியில் ஆரம்பித்தால் வடகிழக்குப் பருவமழை வரும்வரை வேலை. சித்திரை, வைகாசியில் கீழே உப்பு வெள்ளையாகத் திருப்பி அடிக்கிற வெயிலையும் சேர்த்து வாங்க வேண்டும். தண்ணீர் குடித்தால் சிறுநீர் கழிக்க இடம் இல்லையே என்று பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பது ஊரறிந்த விஷயம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்கள் ஏழில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தவர்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. சிறுநீரகம் ரொம்பக் கெட்டுப்போனாலும் கால் மரக்கும் என்பது தனிக் கதை.

ஐசிடி-10-இல் இசட்57.6 என்று ஒரு குறியீடு இருக்கிறது. தொழிலின் காரணமாகக் கடும் வெப்பத்துக்கோ கடும் குளிருக்கோ ஆளாதல். எங்கள் ஊருக்கென்றே எழுதி வைத்த மாதிரி. மரக்காணத்து மனிதர் ஒருவரின் சீட்டில்கூட இதற்கு வழிசெய்கிற வரியை நான் பார்த்ததில்லை. ‘உப்பளத் தொழிலாளி’ என்ற சொல்லே இருப்பதில்லை. வயது, ஆண்/பெண், ஊர். தொழில் என்ற கட்டம் இருந்தாலும் ‘கூலி’ என்று போட்டிருக்கும். பத்து வருஷத்துச் சீட்டுகளைக் கொட்டி எண்ணினாலும் உப்பளத்தில் எத்தனை பேருக்குப் பாதம் மரத்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. முட்டி வரை பூட்ஸ் வேண்டும், நிழற்கூடம் வேண்டும் என்று கேட்டுப்போனால் ‘ஆதாரம் இருக்கா’ என்று கேட்பார்கள்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கச் சார்ட்டுகள் விலாவாரியாக இருப்பது நோயாளி மேல் உள்ள அக்கறையால் மட்டும் இல்லை. முதியோர் காப்பீட்டுத் திட்டத்தின் ஒரு வகையில், ஆள் எவ்வளவு நோயாளி என்று கோடு சொல்கிறதோ அவ்வளவு பணம் காப்பீட்டு நிறுவனத்துக்கு. அதனால் இருக்கிற நோயையும் இல்லாத நோயையும் எழுதி ஏற்றுகிற புகார்கள் அங்கே கோர்ட் வரை போகின்றன. முந்தின வருஷக் குறிப்பை அப்படியே ஒட்டி, கால் எடுக்கப்பட்டவருக்கு ‘இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு நன்றாக உள்ளது’ என்று வந்த சார்ட்டை நானே படித்துச் சிரித்திருக்கிறேன். அந்த வியாதி நமக்கு வேண்டாம். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகுப்பாகத்தான் பணம். மரத்த காலுக்கு ஓ.பி.யில் காட்டுகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. தனியார் காப்பீட்டின் படிவத்தில் ஐசிடி-10 எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது, ஆஸ்பத்திரி மேஜையில் யாரோ ஒருவர் கூகுளில் தேடி நிரப்புகிறார். மத்திய அரசு 2013-இலும் 2016-இலும் மின்னணு மருத்துவப் பதிவுக்குத் தர நெறிகள் வெளியிட்டது. ஐசிடி-10-ஐயும் ஸ்னோமெட் சொற்பட்டியலையும் பயன்படுத்தச் சொன்னது. நன்றாகத்தான் சொன்னது. முந்நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் கிடைக்கிற டாக்டரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

புதிதாக ஐசிடி-11 வந்திருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதில் எந்த நோய்க் குறியீட்டோடும் வலது, இடது, இருபுறமும் என்பதற்குத் தனி எண்ணை ஒட்டவைக்கலாம்: இடதுக்கு எக்ஸ்கே8ஜி, வலதுக்கு எக்ஸ்கே9கே, இரண்டுக்கும் எக்ஸ்கே9ஜே. ஆர்20-இன் பெரிய ஓட்டை அடைபட்டுவிடும். ஆனால் ‘போத் எல்.எல்.’ என்பதையாவது யாராவது எழுதியிருக்க வேண்டும் அல்லவா?

எனக்குத் தோன்றுவது ஒன்று. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற அக்காக்கள் எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள். யார் எத்தனை வருஷமாக மெட்பார்மின் சாப்பிடுகிறார்கள் என்பது அவர்கள் நோட்டிலேயே இருக்கும். டாக்டருக்கு நேரமில்லாத அந்த நாலு கேள்வியை அவர்கள் கேட்கலாம். எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், எந்த விரலில் ஆரம்பித்தது, திடீரென்றா மெல்ல மெல்லவா. திடீரென்று ஒரு பக்கம் என்றால் கேள்வியெல்லாம் வேண்டாம், உடனே 108.

உப்பளங்கள் மழையில் முழுகிக் கிடக்கிற மாதங்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. வேலை இல்லாத காலம், வெடிப்பு கொஞ்சம் ஆறியிருக்கும் காலம், ஆட்கள் ஊரில் இருக்கும் காலம். அப்போது ஊர்ப்பொதுவில் ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, நைலான் இழை, அந்தப் பழைய பாதப் படத்தாள், தொழில் என்ற இடத்தில் ‘உப்பளம்’ என்று முன்கூட்டியே அச்சடித்த சீட்டு. மரக்காணம் வட்டாரச் சுகாதாரத் துறையில் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். சனி, ஞாயிறு எனக்கு லீவுதான். கோடிங் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், இசட்57.6 உட்பட.